தவறு நோட்டின் நான்காவது கட்டம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மொத்தம் ஏழு குடும்பம். அவர்களில் ஒருவர்கூட அந்த லெக்சரர் பார்த்த மாதிரி என்னைப் பார்த்ததில்லை. வந்தவர்கள் காப்பி குடிப்பார்கள், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று அப்பாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள், அரை மணியில் எழுந்து போய்விடுவார்கள். இவளோ வியாழக்கிழமை தவறாமல் சேலத்தில் பஸ் ஏறி நாமக்கல்லுக்கு வந்து, என் முதுகுக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பார்த்தாள். பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டாள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, நாமக்கல்லுக்கு வெளியே இருந்த ஒரு கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் புரோகிராமராக இருந்தேன். புரோகிராமர் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. அப்பாவிடம் யாராவது விசாரித்தால், "கோழிப் பண்ணையில கணக்கு எழுதறாளுங்க" என்று சொல்லி முடித்துவிடுவார். நான் எழுதியது கணக்கு அல்ல. டாக்டர்கள் கோழிக்குப் புதுத் தீவனம் போட்டுப் பார்ப்பார்கள். முட்டை எத்தனை, எடை எவ்வளவு என்று தாள் தாளாக எண்கள் வரும். அவற்றை மெஷினில் ஏற்றி, எந்தத் தீவனம் நல்லது என்று சொல்கிற புரோகிராமை நான் எழுதுவேன். அப்பாவுக்கு இதை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து விளக்கினேன். "அதைத்தான் சாமி நானும் சொன்னேன்" என்றார்.

பண்ணையில் ஏ.சி. இருந்த ஒரே அறை என்னுடையது. ஏ.சி. மெஷினுக்காக, எனக்காக அல்ல. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சித்திரை வைகாசியில் எங்கள் டாக்டர்கள் எல்லோருக்கும் என் புரோகிராம்மேல் திடீரென்று அக்கறை பொங்கும். கையில் ஒரு ஃபைலோடு வந்து உட்கார்ந்து, நெற்றி வியர்வை காய்ந்ததும் எழுந்து போவார்கள்.

வேலை தற்காலிகம். வருஷத்துக்கு ஒருமுறை ஜூனில் நீட்டிப்பு உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒரு குடும்பம், எட்டாவதாக, காத்துக்கொண்டிருந்தது. "வேலை இருக்கற வரைக்கும் போகட்டும், இல்லைன்னா அடுத்த முகூர்த்தம்" என்று அப்பா அவர்களிடம் சொல்லியிருந்தார். அந்த ஏ.சி. அறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் நானாக இருந்தேன். அந்த ஒரு காகிதத்தில்தான் என் உயிரே இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த நேரத்தில்தான் பெரிய டாக்டர், அதாவது எங்கள் பண்ணைத் தலைவர், கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சேலத்தில் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் லெக்சரராக இருக்கும் பெண் ஆராய்ச்சி செய்கிறாளாம். புரோகிராமை ஆராயவில்லை. புரோகிராம் எழுதுகிற ஆளை ஆராய்கிறாளாம். அதுவும் மற்றவர்களுடைய ஆராய்ச்சிக்காகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள், எங்கே தவறு செய்கிறார்கள் என்று.

"நான் எங்க தப்பு பண்றேன்னு பார்க்கறதுக்கு ஒருத்திங்களா சார்?" என்று கேட்டேன்.

"விஞ்ஞானத்துக்காகம்மா" என்றார். ஏ.சி. காற்றில் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் வந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், மெலிந்த உடம்பு, நூல் சேலை. சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். அம்மாவும் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அம்மா இப்போதும் ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரி ஒன்றில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கிறாள். அவள் மட்டும் படித்துவந்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். இதையெல்லாம் நான் கேட்காமலேயே முதல் நாளே சொல்லிவிட்டாள். பின்னால் யாராவது சொல்லித் தெரிவதைவிட முன்னால் தானே சொல்லிவிடுவது அவளுக்குப் பழக்கம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

என்னை மேடம் என்றாள். நான் வேண்டுமென்றே டீச்சரம்மா என்று கூப்பிட்டேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, நான் தலையச் சொறிஞ்சாக்கூட எழுதுவீங்களாட்ட இருக்குது?"

"சொறிஞ்சா எழுதுவேன் மேடம். காலையிலருந்து மூணு தடவை" என்றாள், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழுப்பு அட்டை, உள்ளே ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தாள். தவறு என்ன. எப்போது தெரிந்தது. சரிசெய்ய எவ்வளவு நேரம். நான்காவது கட்டத்தின் தலைப்பு மட்டும் நீளம்: அந்தத் தவறைச் செய்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள். வியாழன் தவிர மற்ற நாட்களில் நானே இதை நிரப்ப வேண்டுமாம்.

ஒருவன் தன் தவறைத் தானே நோட்டுப் போட்டு எழுதுவானா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற கதைதான். நான் ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, முதல் கட்டத்தில் "தவறு எதுவும் இல்லை" என்று எழுதிவைத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று.

ஆனால் மனுஷியை எத்தனை நாள் எதிரியாக வைத்திருக்க முடியும்? மத்தியானம் என் டிபன் பாக்ஸில் அம்மா செய்த சந்தகை இருக்கும். இடியாப்பம் மாதிரி, ஆனால் இடியாப்பத்தைவிட நல்லது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளுக்குப் பாதி வைப்பேன். அவள் ஊருக்குப் போய்வந்தால் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவாள். சாப்பிடும்போது நோட்டை மூடி வைத்துவிடுவாள். மூன்றாவது மாதத்தில் மேடம் போய் அக்கா ஆயிற்று. ஒருமுறை அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தபோது "தாகமா இல்லம்மா" என்றாள். உச்சி வெயிலில் ஒரு மைல் நடந்து வந்திருந்தோம். சரியான கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பண்ணையில் நடந்த பெரிய சோதனை சின்ன டாக்டருடையது. டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளைஞர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். மரவள்ளியில் மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையைத் திப்பி என்பார்கள். சேலம் ஜில்லாவில் களம் களமாகக் காய்வது அது. கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்குப் பதில் கொஞ்சம் திப்பியைப் போட்டால் முட்டை குறையுமா என்பது அவர் கேள்வி. குறையாது என்று நம்பினார். மூன்று வருஷம் அதற்காக உழைத்தார். என் புரோகிராமோ குறைகிறது என்று சொல்லிவிட்டது. அவர் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு முறை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உங்க மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். திப்பி உதவாது என்று எழுதி, ஆய்வேட்டை டைப் அடிக்கக் கொடுக்கும் நிலையில் இருந்தார்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் அடுத்த பேட்ச் கோழிகளின் தாள்களைப் பார்த்து மெஷினில் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தாள். கூண்டு எண்களுக்கு எதிரே, முட்டை போட்டிருந்தால் ஒரு கோடு, போடாவிட்டால் ஒரு சுழி. கோட்டுக்கு ஒன்று, சுழிக்குப் பூஜ்யம் என்று தட்டுவேன். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. அங்கே கீபோர்டின் அடியில் இருக்கும் நீளக் கட்டையைத் தட்டி இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"அக்கா, இந்தத் தாள் எங்கருந்து வருது?"

"ஷெட்டுலருந்துங்க."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

என் அறையிலிருந்து ஷெட் இருநூறு அடி தூரம். மூன்று வருஷத்தில் நான் ஒருநாள்கூட அங்கே போனதில்லை. நாற்றம், வெயில், இறகு. எண்கள் என்னிடம் வரும்போது நான் ஏன் போக வேண்டும்?

"போலாமா?" என்றாள். அவள் அதுவரைக்கும் என்னை எதுவும் செய்யச் சொன்னதில்லை. ஆச்சரியத்தில் எழுந்துவிட்டேன்.

ஷெட்டில் முட்டை எடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். தாளில் கோடும் சுழியும் போடுவது அவள்தான். என்னைக் கண்டதும், "வாங்க சாமி, கம்ப்யூட்டர் அம்மிணிங்களா?" என்று முந்தானையால் ஒரு தீவன மூட்டையைத் துடைத்து உட்காரச் சொன்னாள். கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. நான் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க முயன்றேன்.

லெக்சரர் அன்றைய தாளைக் கையில் வாங்கிக் காலியாக இருந்த ஒரு இடத்தைக் காட்டினாள். "இங்க ஏம்மா ஒண்ணுமே போடல?"

"அது செத்துப்போச்சுங்க. போன மாசத்து வெயில்ல, அந்த மேக்கால வரிசையிலதாங்க நெறைய போயிருச்சு. சாக்குப் படுதா கிழிஞ்சு வெயிலு நேரா அடிச்சுதுங்க."

"முட்டை போடலைன்னா சுழி போடறீங்கல்ல. இதுக்கும் போடலாமே?"

அந்த அம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "அதெப்படீங்க? உசுரோட இருந்து போடாட்டி சுழிங்க. போன உசுரு மேல, நீ இன்னைக்கு முட்டை போடலைன்னு பழி எழுதறதுங்களா? பாவமில்லீங்களா? வெறுமனே உட்டுருவனுங்க."

லெக்சரர் கையிலிருந்த தாளை வாங்கிக் காலியிடங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

என் புரோகிராம் காலியிடத்தைப் பூஜ்யமாகத்தான் படிக்கும். அந்தக் காலத்து மெஷின் மொழியின் சுபாவம் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. செத்த கோழிகள் எல்லாம் என் கணக்கில் உயிரோடு உட்கார்ந்து, நாள் தவறாமல் முட்டை போடாமல் இருந்திருக்கின்றன. சின்ன டாக்டரின் திப்பிக் கோழிகள் எந்த வரிசையில் இருந்தன? மேற்கால வரிசை. போன வருஷமும் சித்திரை வெயில் அதே பக்கம்தான் அடித்திருக்கும்.

திரும்பி நடக்கையில் அவள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். நோட்டு மூடியே இருந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறவள் இதை மட்டும் எழுதவில்லை. நாலு மணிக்கு "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு ஆசைதான், ஆனால் உண்மை அதுதான். நீட்டிப்பு உத்தரவு பெரிய டாக்டர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆய்வேடு போய்விடும், உத்தரவு வந்துவிடும், புரோகிராமில் அந்த ஒரு வரியை ஓசையில்லாமல் மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. ரிக் வண்டிக்காரர் வீட்டு வாசல் கண்முன் வந்து வந்து போனது. அதற்குப் பின்னால், காகிதத்தை இரண்டாக மடித்து, பிறகு இன்னும் ஒருமுறை மடித்த சின்ன டாக்டரின் விரல்களும் வந்தன.

சனிக்கிழமை காலையில் வரியை மாற்றினேன். செத்த கோழியை விட்டுவிட்டு, உயிரோடு இருந்த நாட்களை மட்டும் எண்ணும்படி. மெஷின் கொரகொரவென்று காகிதத்தைத் துப்பியது. திப்பி தின்ற கோழிகள் மற்றவற்றுக்கு ஒரு முட்டைகூட இளைத்தவை அல்ல. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

பெரிய டாக்டர் என்னைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுதுவதற்கில்லை. சின்ன டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப, கோழி முட்டை போட்டுச்சா?" போட்டது என்றேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்து, மேலே மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். என்மேல் கோபப்பட வேண்டும் என்பது அவருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் கோபத்தின் சூடு ஆறிவிட்டது.

உத்தரவும் வந்தது. என் நேர்மையை மெச்சி அல்ல. "இந்த மெஷினை ஓட்ட வேற ஆளுக்கு நான் எங்கம்மா போறது? மூணு வருசமா இதுல போட்டதெல்லாம் மறுபடி போட்டுக் குடு" என்றார் பெரிய டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே பழுப்பு நோட்டை எடுத்தேன். முதல்முறையாக நாலு கட்டமும் எழுதினேன். நான்காவதில் வெகுநேரம் யோசித்தேன். தாளில் காலியிடம் பார்த்தபோதெல்லாம் நான் என்ன நினைத்தேன்? கடைசியில் உள்ளதை எழுதினேன்: "சுழி போடச் சோம்பல்பட்டு விட்டுவிட்டார்கள், படிக்காதவர்கள்தானே, என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." எழுதிவிட்டுப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் அந்த அம்மா பார்த்துப் பார்த்து விட்ட வித்தியாசத்தை நான் நீளக் கட்டையால் தட்டி அழித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அவள் வந்ததும் நோட்டை நீட்டினேன். பெருமையோடுதான் நீட்டினேன். அவள் படித்தாள். நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஷெட்டுக்குப் போறதுக்கு மூணு வாரம் முன்னாடியே தெரியும். நீளக் கட்டைச் சத்தம் வேற மாதிரி கேக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே இடத்துல கேட்டுச்சு. சோம்பல்ல விட்டா இடம் மாறி மாறில்ல வரணும்? காலியிடத்தை மெஷின் பூஜ்யமாத்தான் படிக்கும்னு எனக்கும் தெரியுமே."

நான் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன். "மூணு வாரமா? தெரிஞ்சுகிட்டே பின்னால உக்காந்துட்டு இருந்தீங்களா? நான் குழியில உழுகற வரைக்கும் பார்த்து எழுதிக்கலாம்னுங்களா? அந்த மனுசனோட மூணு வருசம் போயிருந்தா?"

"பார்க்கறவ கை வைக்கக் கூடாதுக்கா. வச்சா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும். எங்க கைடு..."

"உங்க ஆராய்ச்சியக் கொண்டுபோயி கெணத்துல போடுங்க. நான் உங்களுக்குக் கூண்டுக் கோழிங்களா?"

அவள் பழுப்பு நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுக்கு வெளியே குனிந்து செருப்பை மாட்டும்போது வார் சிக்கிக்கொண்டது. அதை அவிழ்க்க அவள் பட்ட பாட்டைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் உதவவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இருந்தேன். ஆனால் டிபன் பாக்ஸில் பாதிச் சந்தகை மிஞ்சியது. புரோகிராம் எழுதும்போது எங்கேயாவது நின்றால், பின்னால் பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்காகவே நான் இன்னும் ஒருமுறை சரிபார்க்கிற வழக்கம் வந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஸ்டூலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஃபேர்லேண்ட்ஸில் விசாரித்து விசாரித்து மாடி அறையைக் கண்டுபிடித்தேன். அவள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, முதலில் பாயை விரித்தாள். பிறகுதான் "வாங்கக்கா" என்றாள். மேஜைமேல் அவளுடைய நோட்டுகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன.

"என்னங்க இது, மூட்ட கட்டி வெச்சிருக்கறீங்க?"

"உங்க பண்ணையில எழுதினது. இனி ஆகாதுக்கா. உங்களை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, அன்னிக்கே அது கெட்டுப்போச்சு. மறுநாளே கைடுகிட்ட சொல்லிட்டேன். ஏழு மாசத்து வேலையை எடுத்து வச்சிட்டு வேற எடம் பார்க்கச் சொல்லிட்டார்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் தவறிவிட்டது என்பதைப்போல. நான் வியாழக்கிழமை அவளைத் திட்டுவதற்கு முன்பே அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவளுக்கு ஒரு நாள்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"நீங்க பேச விடலியே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள். "கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. அது மட்டும்தான் காரணமான்னு எனக்கே தெரியலக்கா. எங்க ஊர்ல பண்ணையக்காரங்க கூலித் தானியத்தைத் தப்பாவே அளந்தாலும் எங்கம்மா வாயத் திறக்காது. களத்துல பார்த்துக்கிட்டே நிக்கும். சின்ன வயசுல நானும் பக்கத்துல நின்னுருக்கேன். அந்த மூணு வாரம் உங்க பின்னால உக்காந்திருந்தேனே, கைடு சொன்னதுக்காக உக்காந்திருந்தேனா, எங்கம்மா மாதிரி உக்காந்திருந்தேனா? பிரிச்சுப் பார்த்தேன். பிரியல."

எங்கள் வீட்டு வாசலில், அந்த வெயிலில், தாகமில்லை என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் போன்ற தோட்டக்காரர் வீட்டு வாசலில் தனக்குத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கூச்சமாம். அதையும் நான் என் இஷ்டத்துக்குத்தான் படித்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. காப்பி வைக்கிறேன் என்று எழுந்தபோதுதான் விட்டாள்.

கிளம்பும்போது, "ஸ்டூல் அங்கயே கெடக்குதுங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். பழுப்பு நோட்டை மட்டும் எடுத்து, "இது உங்களுது, எனக்கு இனி ஆகாது" என்று கொடுத்தாள்.

ராசிபுரத்தில் பஸ் நின்றிருந்தபோது நோட்டைப் பிரித்தேன். வரிசையாக என் பொய்கள், தவறு எதுவும் இல்லை, தவறு எதுவும் இல்லை. அப்புறம் என் ஒரே உண்மை. அதற்குக் கீழே அவளுடைய சின்னச் சின்ன எழுத்தில் ஒரு வரி. தவறு: தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. எப்போது தெரிந்தது: அப்போதே. சரிசெய்ய ஆன நேரம்: மூன்று வாரம். நான்காவது கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது. பஸ் கிளம்பி வெகுநேரம் அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை ஸ்டூலை எடுத்து என் நாற்காலிக்குப் பக்கத்தில், திரை தெரிகிற மாதிரி போட்டுவைத்தேன். பத்து மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே அவள் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. உள்ளே வந்தாள். பின்சுவரோரம் பார்த்தாள், பிறகு ஸ்டூல் இருந்த இடத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். கையில் நோட்டு இல்லை.

மூன்று வருஷத்துச் சோதனைகளை மறுபடி ஓட்டுகிற வேலை மலைபோல் கிடந்தது. நான் தட்ட ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அவள் விரல் என் தோளைத் தாண்டி நீண்டு திரையைத் தொட்டது.

"அக்கா, இந்த வரி தப்பு."

"என்னங்க தப்பு? நல்லாப் பாருங்க, சரியாத்தான் இருக்குது" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"தப்புதான்க்கா" என்றாள். அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது, விரலை மட்டும் எடுக்கவில்லை.

பார்த்தேன். தப்புதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.